கொம்பில் தாங்கிய சூரியன்

அந்தக் காலத்தில், விலங்குகள் சூரியனோடு நேருக்கு நேர் பேசிய நாளில், உலகத்தின் வடக்கு ஓரத்திலும் பகலும் இரவும் மற்ற இடங்களைப் போல மாறி மாறித்தான் வந்தன. பகலில் இளகிய பனி இரவில் மறுபடி இறுகிவிடும். துருவமான்கள் பனியைக் குளம்பால் கிளறி, பாறையில் ஒட்டிய பாசியைத் தின்று பிழைத்தன.

அந்த ஆண்டு யாலா என்ற துருவமான் ஒரு பெண்குட்டி ஈன்றாள். இரண்டு நாளாகியும் குட்டி எழுந்து நிற்கவில்லை.

"இன்னொரு இரவுக் குளிரை இது தாங்காது. இதை விட்டுவிட்டு எங்களோடு வந்துவிடு," என்றாள் கூட்டத்தின் மூத்தவள்.

கூட்டம் கிளம்பிவிட்டது. யாலா போகவில்லை. குட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நக்கிக்கொடுத்தாள், மறுபடி சுற்றினாள். மேற்கே சூரியன் தரையைத் தொடப் போவதைக் கண்டதும் ஓடினாள். தலையைத் தாழ்த்தி, தன் கொம்பில் அவனை ஏந்திக்கொண்டாள்.

"விடு அம்மா. நான் தூங்க வேண்டாமா?" என்றான் சூரியன்.

"என் குட்டி வளர்ந்து கூட்டத்தோடு நடக்கிறவரை மறையாதீர்கள், ஐயா."

"தூங்காமல் விட்டதை எல்லாம் சேர்த்துத்தான் தூங்குவேன். அப்போது எழுப்ப வரக்கூடாது."

யாலா திரும்பிப் பார்த்தாள். குட்டியின் உடம்பு நடுங்குவது அங்கிருந்தே தெரிந்தது.

"வரமாட்டேன்," என்றாள்.

சூரியன் மறையாமல் தொடுவானத்தை ஒட்டியே வட்டமிட்டான். பனி உருகியது. புல்லும் சிறு பூக்களும் அவசர அவசரமாக முளைத்தன. ஆனால் ஆழத்து உறைபனி அசையவில்லை. "மேலே ஒரு முழ மண் உனக்கு. அதற்குக் கீழே வராதே," என்று சூரியனிடம் சொல்லிவிட்டது. உருகிய நீர் கீழே இறங்க வழியின்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியது. அதிலிருந்து கொசுக்கள் புகை போல எழுந்து குட்டியை மொய்த்தன. கடி பொறுக்காமல் அது துள்ளி எழுந்தது, தடுமாறியது, ஓடியது. தாயும் கூடவே ஓடினாள். நின்ற இடத்திலெல்லாம் கொசு வந்தது. காற்றடிக்கும் மேட்டில் கூட்டத்தைச் சேரும்வரை அவர்கள் நிற்கவே இல்லை.

பல வாரம் கழித்து ஒரு நாள், கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும்போதே சூரியன் தள்ளாடிச் சரிந்தான். மறுநாள் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. குட்டைகள் கல்லாக உறைந்தன.

"போய் எழுப்பு," என்றாள் மூத்தவள்.

"வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"அப்படியானால் நாங்கள் எல்லோரும் சாக வேண்டியதுதானா?"

இருட்டுக்குப் பழகாத குட்டி யாலாவின் வயிற்றோடு ஒட்டி நின்றது. சூரியனைத் தடுத்த அந்த நாள் மறுபடி வந்தாலும் அதையேதான் செய்வேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளை நிற்கவிடாமல் துரத்தியது.

"தெற்கே காடு இருக்கிறது. நான் முன்னால் போகிறேன்," என்றாள். பனியை உடைத்து வழி செய்தபடி நடந்தாள். எல்லோரும் அந்தத் தடத்தில் நடந்தார்கள்.

அன்று முதல்தான் வடகோடியில் சூரியன் கோடையில் மறைய மறுக்கிறான், குளிர்காலத்தில் எழ மறுக்கிறான். துருவமான்களும் எந்தப் புல்வெளியையும் தங்கள் ஊர் என்று சொல்லாமல், நடந்துகொண்டே இருக்கின்றன.