பாடி எப்போது எடுக்கிறார்கள்?

ஊருக்கு ஒரு முட்டாள் போதும். எங்கள் பாலிடெக்னிக்கில் ஏழு பையன்களும் ஒரு வாத்தியாரும் இருந்தார்கள். வாத்தியார் பெயர் பூவலிங்கம். பஸ் ஓட்டுகிறவன் நான். போன வருஷம் ஒரு நாள் அவர் காட்டிய பாதையில் ஓட்டும்போது, "சார், வழி மாறிப் போறோம்" என்றேன். "நீர் ஸ்டீயரிங்கைப் பாரும், வாயைத் திறக்காதேயும்" என்றார். அன்றிலிருந்து அவர் முன்னால் நான் வாயைத் திறப்பதில்லை.

இந்த வருஷம் கார் கம்பெனியைப் பார்த்துவிட்டு, பார்த்ததற்கு அத்தாட்சியாகப் பையனுக்கு ஒன்றாக ஏழு பாரத்திலும் அங்கே கையெழுத்து வாங்கி வர வேண்டும். மறுநாள் சாயங்காலத்துக்குள் அது பிரின்சிபால் மேசைக்கு வராவிட்டால் ஏழு பேருக்கும் பரீட்சை கிடையாது.

"அங்க என்ன சொன்னாலும் சொன்னபடியே கேட்டுக்கணும்" என்று பிரின்சிபால் சொல்லி அனுப்பினார். கேட்டுக்கொண்டார்கள்.

சுற்றிக்காட்ட வந்தது தேன்மொழி என்ற இன்ஜினியரம்மா. பாரங்களை வாங்கி வைத்துக்கொண்டு, "கடைசியில போட்டுத் தர்றேன்" என்றார். தண்ணீர் கேனைச் சுமந்துகொண்டு நானும் பின்னால் போனேன்.

முதல் கதவைத் தாண்டியதும் அந்தம்மா கையை நீட்டினார். "ஒதுங்கி நில்லுங்க, பாடி வருது."

ஏழு பேரும் செருப்பைக் கழற்றினார்கள். சார் கைகூப்பினார்.

அந்தரத்தில் தொங்கிக்கொண்டு ஒரு கார்க்கூடு வந்தது. கண்ணாடி இல்லை, சக்கரம் இல்லை.

"தூக்க நாலு பேருகூட இல்லையே, பாவம்" என்றான் மாசானம்.

"எப்ப ஆச்சு மேடம்?" என்று சார் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

"இதுவா? காலையிலதான் சார். இனிக் குளிப்பாட்டி எடுத்துட்டுப் போயிருவோம். மூணு நிமிஷத்துக்கு ஒரு பாடி போகும்."

"மூணு நிமிஷத்துக்கு ஒண்ணா! என்ன நோயோ!" என்று ஆவுடையப்பன் தேம்பினான். வெல்டிங் புகை கண்ணைக் கரிக்கிறது என்று நினைத்து அந்தம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

அடுத்த கட்டடத்தில் அவருக்கே உற்சாகம் வந்துவிட்டது. "இங்கதான் கல்யாணம்! எஞ்சின் கீழயிருந்து ஏறி வந்து பாடியோட சேரும்."

பையன்கள் சாரைச் சுற்றி நின்றார்கள்.

"செத்ததுக்குக் கல்யாணமா சார்?"

"பெரிய கம்பெனிடே. அவங்க வழக்கம் அப்படி."

"அப்ப இது கல்யாண வீடா, துக்க வீடா? சொல்லிக்கிட்டுக் கிளம்பணுமா, சொல்லாமப் போகணுமா?"

"கல்யாண வீடுன்னா இந்நேரம் பந்தி போட்டிருப்பாங்களே" என்றான் ஆவுடையப்பன்.

சார் நாலு திசையிலும் மோந்து பார்த்தார். கிரீஸ் வாசனைதான் வந்தது. "துக்க வீடேதான். போயிட்டு வாரோம்னு எவனும் சொல்லிராத. திரும்பியும் பார்க்கக் கூடாது. நட."

நடந்தார்கள்.

"சார்! பாரம்! கையெழுத்துப் போட்டாச்சு சார்!" என்று அந்தம்மா பின்னால் ஓடி வந்தார்.

"கூப்பிடுதாங்க சார்" என்றான் மாசானம்.

"துக்கத்துல கூப்பிடத்தாம்டே செய்வாங்க. திரும்பாத."

கடைசியாக வந்த என் சட்டைப்பையில் ஏழு பாரத்தையும் திணித்து, "உங்க சார்கிட்ட கொடுத்துருங்கண்ணே" என்றார் அந்தம்மா, மூச்சிரைக்க. சார் என்னிடம் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஊர் போகும்வரை தவிக்கட்டும், அப்புறம் கொடுக்கலாம் என்றிருந்தேன். அவர் தவிக்காமல் வழியெல்லாம் குறட்டை விட்டுத் தூங்கினார்.

கல்லூரிக்கு வந்ததும் நேரே தோட்டத்துக்குப் போய், மோட்டாரைப் போட்டு, உடுத்த துணியோடு ஏழு பேரும் சாரும் குளித்தார்கள்.

"அண்ணாச்சியும் கூட வந்தவுகதானே, அவுகளுக்கும் தீட்டு உண்டுல்லா" என்றான் மாசானம். அடுத்த நொடி என் தலையில் மூன்று வாளி. அப்போதுதான் ஒரு வருஷம் கழித்து வாயைத் திறந்தேன். தண்ணீர்தான் உள்ளே போனது.

சட்டைப்பைக்குள் கையை விட்டேன். ஏழு பாரமும் ஒரே கூழ். கையெழுத்தெல்லாம் நீலமாக என் வேட்டிவரை இறங்கியிருந்தது.

பிரின்சிபால் வராந்தாவுக்கு வந்தார். "பூவலிங்கம், கையெழுத்து எங்கய்யா?"

சார் தலையைத் துவட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்: "துக்க வீட்டுல நின்னுக்கிட்டு அதை எப்படி சார் கேக்கது? நாளைக்குப் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகும்போது வாங்கியாந்துருதோம்."

"நாளைக்கா? யாருக்குய்யா பதினாறு?"

"மூணு நிமிஷத்துக்கு ஒண்ணு போகுதுல்லா சார். எந்த நாள் போனாலும் ஏதாவது ஒரு பாடிக்குப் பதினாறு இருக்கும்."