முப்பந்தலில் திரும்பிய சைக்கிள்

“இந்தக் காத்துக்கு அறிவுன்னு ஒண்ணு இருக்கா டீச்சர்?”

போனில் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி அது.

டீச்சர் சொன்ன பதில் இரைச்சலில் கேட்கவில்லை. ஆடி மாதம் முப்பந்தலில் காற்று பேசினால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான்.

அண்ணாச்சியின் பெயர் தவசிமுத்து. வயது ஐம்பத்தாறு. பிறந்தது சாத்தான்குளம் பக்கம், பிழைப்பு சென்னையில், பழைய இரும்பு வியாபாரம். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியிலிருந்துதான் பேரத்தைத் தொடங்குவார். பாதிக்கு ஒத்துக்கொண்டால் அதையும் சந்தேகப்படுவார்.

மூன்று வருடம் முன்பு ஒரு இரும்பு உத்திரம் சரிந்து அவர் வலது காலில் விழுந்தது. உள்ளே தகடு வைத்துத் தைத்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவரைத் தனியாக மாடிப்படி ஏறக்கூட விடவில்லை. மகன்கள் கடையில் ஒரு மெத்தை நாற்காலி வாங்கிப் போட்டார்கள்.

அந்த நாற்காலியைப் போல அவரைக் கோபப்படுத்திய பொருள் உலகத்தில் வேறில்லை.

அவரை நாற்காலியிலிருந்து எழுப்பிச் சைக்கிளில் உட்காரவைத்தவர் எப்சிபா டீச்சர். கடைக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அண்ணாச்சியின் மூத்த மகனைவிட இரண்டு வயது சின்னவர். கியர் மாற்றுவது, கூடாரம் அடிப்பது, ட்யூப் ஒட்டுவது எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தது.

டீச்சருக்கு நாகர்கோவிலுக்கு வேலை மாறியது. கிளம்புகிற அன்று அண்ணாச்சி ஒரு வார்த்தை சொன்னார். என் கடை வாசலிலிருந்து உங்கள் பள்ளிக்கூட வாசல் வரைக்கும் இந்தக் காலால் மிதித்தே வருவேன், நடுவில் ஓரடிகூட வேறு வண்டியில் ஏற மாட்டேன்.

பதினோரு நாள் அந்த வார்த்தை நின்றது.

பன்னிரண்டாம் நாள் காலையில், பணகுடிப் பக்கம், கூடாரத்தைச் சுருட்டும்போது காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. உடைமரக் காட்டுக்குள் துரத்திப் பிடித்தார். மூன்று இடத்தில் கிழிசல். உள்ளங்காலில் ஒரு முள். திரும்பி வந்து பார்த்தால் டயரில் இரண்டு. உட்கார்ந்து ட்யூப் ஒட்டிக்கொண்டிருந்தபோது அடுப்பிலிருந்த காப்பி கிண்ணத்தோடு பறந்தது.

அதன்பிறகு சாலை.

எதிரே கணவாய். இரண்டு பக்கமும் மலை. மேற்கேயிருந்து வருகிற காற்று மொத்தமும் அந்த ஒரு சந்தில்தான் நுழைந்தாக வேண்டும். அத்தனை காற்றாலைகளை அங்கே அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்?

ஐந்து மணி நேரத்தில் பன்னிரண்டு கிலோமீட்டர். முப்பந்தல் தாண்டி ஒரு பாலத்துப் பக்கம், மிதித்துக்கொண்டிருந்த மனுஷனைக் காற்று அப்படியே நிறுத்தியது. சைக்கிள் சாய்ந்தது. அண்ணாச்சியும் கூடவே சாய்ந்தார்.

கிடந்தபடியே போனை எடுத்தார். காற்றைப் பற்றிக் கேட்டார். பிறகு குரலை இறக்கி, ஒரு வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.

டீச்சர் வந்தார், ஒரு குட்டியானை வேனில். ஓட்டி வந்தவர் சுயம்பு. டீச்சர் வீட்டுக்குப் பக்கத்து வீடு. இறங்கும்போதே சைக்கிளைக் கட்டக் கயிற்றோடு இறங்கினார்.

வண்டியைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு வெட்கம் வந்தது. வெட்கம் வந்தால் அவருக்குப் பேரம் வரும்.

முழுக்க ஏறமாட்டேன் என்றார். ஏழு கிலோமீட்டர் மட்டும், கணவாய் முடிந்ததும் இறக்கிவிட வேண்டும் என்றார். எழுநூறு கிலோமீட்டரில் ஏழு என்ன பெரிய கணக்கா என்றார்.

டீச்சர் சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தார்.

சரி, ஐந்து என்றார்.

டீச்சர் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார்.

மூன்று. அதுவும் வேண்டாம், சைக்கிளை மட்டும் ஏற்றுவோம், நான் நடந்து வருகிறேன்.

எதிராளி வாயைத் திறக்காமலே இவ்வளவு தூரம் இறங்கியது அண்ணாச்சியின் வியாபாரத்தில் அதுதான் முதல் தடவை.

“சைக்கிளைத் திருப்புங்க அண்ணாச்சி” என்றார் டீச்சர்.

“எங்க?”

“வந்த பக்கம். அஞ்சு கிலோமீட்டர் போங்க. பெடலை மட்டும் மிதிக்கக் கூடாது.”

“போயி?”

“போயிட்டுச் சொல்லுங்க. அப்பவும் வண்டி வேணும்னா நானே கயிறு கட்டுறேன்.”

அண்ணாச்சிக்கு உச்சந்தலை வரை ஏறியது. அந்த ஐந்து கிலோமீட்டருக்கு அவர் இரண்டு மணி நேரமும் இரண்டு முழங்காலும் கொடுத்திருந்தார். முன்னால் போக வழி கேட்டால் பின்னால் போகச் சொல்கிற வாத்தியாரை எந்த ஊரில் பார்க்கலாம் என்று தொடங்கினார். அதன்பிறகு சொன்னதில் பாதி எழுதத் தக்கதல்ல. சுயம்பு கயிற்றைப் பிரித்துச் சுற்றி, பிரித்துச் சுற்றி, காதில் எதுவும் விழாததுபோல் நின்றார்.

டீச்சர் எல்லாவற்றையும் கேட்டார்.

“அஞ்சு” என்றார்.

“ஒண்ணு” என்றார் அண்ணாச்சி.

“அஞ்சு.”

“ரெண்டு. அதுக்கு மேல ஒரு முழம்கூடக் கிடையாது.”

“சரி, ரெண்டு.”

இவ்வளவு சுலபமாகப் படிந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. ஆனால் பேசி முடித்தது முடித்ததுதான். சைக்கிளைத் திருப்பினார். ஏறி உட்கார்ந்தார்.

உட்கார மட்டும்தான் செய்தார்.

முதுகில் யாரோ பெரிய உள்ளங்கையை வைத்தது போலிருந்தது. சைக்கிள் நகர்ந்தது. பிறகு ஓடியது. பிறகு அதற்கு வேறு வார்த்தைதான் தேட வேண்டும். காலையிலிருந்து காதுக்குள் இரைந்த இரைச்சல் நின்று, சக்கரம் சுற்றுகிற சத்தம் தனியாகக் கேட்டது. இடப்பக்கம் காற்றாலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

இரண்டு கிலோமீட்டர் வந்தது. விரல் பிரேக்கில்தான் இருந்தது. அழுத்தவில்லை.

பின்னால் புல்லுக்கட்டு வைத்த மொபெட்டில் ஒருவர் பக்கத்தில் வந்தார். கொஞ்ச தூரம் கூடவே வந்து சைக்கிளை மேலும் கீழும் பார்த்தார்.

“அண்ணாச்சி, மோட்டாரை எங்க ஒளிச்சு வச்சிருக்கீரு?”

அண்ணாச்சி இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்து அந்தரத்தில் நீட்டிக் காட்டினார்.

காலையில் டீ குடித்த கடை எதிரே வந்தபோதுதான் பிரேக்கைப் பிடித்தார். ஐந்து கிலோமீட்டர். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம்.

இறங்கி நின்றார். வந்த திசையைப் பார்த்தார். சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டு படபடத்தது. ஒரு கையை நீட்டி உள்ளங்கையைக் காற்றுக்குக் காட்டினார். கை பின்னால் போனது. மறுபடி நீட்டினார். மறுபடி போனது.

டீக்கடைக்காரர் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன, காற்று திருப்பி அனுப்பிவிட்டதா என்று விசாரித்தார்.

“இது தினமும் இப்படித்தான் அடிக்குமா?” என்றார் அண்ணாச்சி.

“இன்னைக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. பத்து நாளா இப்படி இல்ல.”

அதைக் கேட்டு அண்ணாச்சி முகத்தில் அப்படியொரு வெளிச்சம்.

பெஞ்சில் உட்கார்ந்து வலது காலின் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். பழைய இரும்பு என்று எவனோ கழித்துப் போட்ட மூட்டையில் நல்ல சரக்கைக் கண்டவர்போல, தகடு வைத்த அந்தக் காலை மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். தனியாகச் சிரித்தார்.

டீ போடவா என்று கடைக்காரர் கேட்பதற்குள் ஆள் சைக்கிளில் ஏறியாகிவிட்டது.

சைக்கிளின் மூக்கு மேற்கே திரும்பியது.

காற்று அப்படியேதான் இருந்தது. கண்ணில் மண், வாயில் மண். அண்ணாச்சி ஆகச் சின்ன கியரில் போட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். காலையில் அழாத குறையாகத் திட்டிக்கொண்டு வந்தார். இப்போதும் திட்டினார், ஆனால் சந்தையில் தன் அளவுக்கு வாயுள்ள ஆளிடம் நின்று பேசுகிற மாதிரி, ரசித்து, நிறுத்தி, பதிலுக்குக் காத்திருந்து. காற்று பதில் சொன்னது. அவர் அடுத்ததைச் சொன்னார்.

இரண்டு இடத்தில் சைக்கிள் கிட்டத்தட்ட நின்றது. சாயவில்லை.

ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து அந்தப் பாலம் வந்தது. டீச்சர் சுவரில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார். சுயம்பு வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். தான் விழுந்து கிடந்த இடத்தை அண்ணாச்சி பார்த்தார். நிற்காமல் அதன்மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்.

டீச்சர் எழுந்து, கயிற்றைச் சுற்றி வண்டிக்குள் போட்டார்.

ஆரல்வாய்மொழியின் வீடுகள் தூரத்தில் தெரிய ஆரம்பித்த இடத்தில், திடீரென்று சைக்கிள் லேசானது. மிதித்த மிதிக்கு அது தாவியது. அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்தார்.

பத்தடி முன்னால் குட்டியானையின் முதுகு.

சுயம்பு ஜன்னல் வழியே தலையை நீட்டினார். நல்ல மனுஷன். என் பின்னாலேயே ஒட்டினாற்போல வாருங்கள், ஊர் போய்ச் சேருகிற வரைக்கும் காற்று உங்கள் மேல் படாமல் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிக்கு வந்த கோபம் பதினோரு நாளில் வராத கோபம்.

“வண்டிய ஓரமா எடும் வே. அது என் காத்து.”