இன்னொரு வாட்டி சொல்லு

தங்கப்பழம் வாத்தியாருக்கு வந்த கோவத்துல, பக்கத்து ஊரு பள்ளிக்கூடம் வரைக்கும் வண்டிய முறுக்கிக்கிட்டே வந்து சேந்தாரு. ஹெல்மெட்டோடயே ஜரீனா டீச்சர் முன்னாடி உக்காந்து என்னமோ கத்துனாரு.

ஜரீனா டீச்சருக்கு அவரு மக வயசுதான். ஆனா, பிள்ளைங்க பாதுகாப்புப் பொறுப்பு வாத்தியாரு தலையில விழுந்தப்ப, அந்த வேலைய சொல்லிக்குடுத்தது இவங்க. அதுலேருந்து அவருக்கு இவங்கதான் குரு. ஸ்டாஃப் ரூம்ல கூட வேல பாக்குறவங்க கிண்டல் பண்ணிப் பாத்தாங்க, மனுசன் அசையல.

"மொதல்ல ஹெல்மெட்ட கழட்டுங்க சார். கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு."

கழட்டுனாரு.

"ஏழாப்புப் புள்ள ஒண்ணு, வேன் டிரைவர் தப்பா தொடுறான்னு எங்கிட்ட வந்து அழுதுச்சு டீச்சர். அவன் தாளாளருக்கு மச்சான். ஹெச்.எம்.கிட்ட போனேன். அந்தாளு என்ன சொல்றான் தெரியுமா?"

வயித்த முன்னாடி தள்ளி, மூக்க உறிஞ்சி, அப்படியே ஹெச்.எம்.மா மாறிட்டாரு. "'நம்ம பள்ளிக்கூடம் குடும்பம் மாதிரிய்யா. நாளைக்கு அந்தப் புள்ள தாளாளர் முன்னாடி, டிரைவர் முன்னாடி இன்னொரு வாட்டி சொல்லட்டும். உண்மைன்னா என்ன பயம்?' நீங்க சொல்லுங்க டீச்சர், அந்தப் புள்ளைக்கு நான் எப்படி தைரியம் குடுக்க?"

"நீங்க அவருகிட்ட ஒண்ணும் பேசலியா?"

"முடியாதுன்னேன். அதுக்கு, எல்லாரு முன்னாடியும் என்னையப் பாத்து, 'பொம்பளப்புள்ளைங்க விசயத்துல உமக்கு ஏன்யா இவ்வளவு அக்கற'ன்னு கேட்டான்."

டீச்சர் டீ கொண்டாந்த அண்ணாச்சிய நிறுத்துனாங்க.

"ஹெச்.எம். உங்கள என்ன கேட்டாருன்னு இவருகிட்ட இன்னொரு வாட்டி சொல்லுங்க சார்."

வாத்தியாரு முழிச்சாரு. குரு சொல்லிட்டாங்களேன்னு தலையக் குனிஞ்சு சொன்னாரு. குரல் பாதியா எறங்கிருச்சு. அண்ணாச்சி டம்ளர வெச்சிட்டு வேகமா வெளிய போயிட்டாரு.

டீச்சர் அடுத்து ஆபீஸ் கிளார்க்கக் கூப்பிட்டாங்க.

"இவருகிட்டயும் சொல்லுங்க. ஆமா, ஹெச்.எம். அப்படிக் கேக்குற மாதிரி நீங்க ஏதாவது நடந்துக்கிட்டீங்களா சார்?"

தங்கப்பழம் விருட்டுன்னு எந்திரிச்சுட்டாரு.

"என்ன டீச்சர் வெளையாட்டு இது? ஒரு தடவ சொன்னதுக்கே ஒடம்பு கூசுது. ஊர்ல போற வர்றவன் கிட்டல்லாம் நான் ஏன் சொல்லணும்? தப்பு பண்ணவன் அவன்."

"மன்னிச்சிருங்க சார்." கிளார்க்க அனுப்பிட்டு, கதவச் சாத்துனாங்க. "நீங்க எங்கிட்ட என்ன கேட்டீங்க?"

"நாளைக்கு அந்தப் புள்ள அவங்க முன்னாடி நின்னு சொல்ல எப்படி தைரியம்..."

நாற்காலியில மெல்ல உக்காந்தாரு. டீ ஆறிப்போச்சு.

டீச்சர் செல்போன எடுத்து, பிள்ளைங்களுக்கான உதவி நம்பர் 1098 போட்டு அவரு கையில குடுத்தாங்க.

"என் வேல போயிரும் டீச்சர்."

"போனாலும் போகும் சார். அதுக்கும் கூட நின்னு சண்ட போடுவேன். அந்தப் புள்ள தைரியமா சொல்லி முடிச்சுட்டா. இனிமே சொல்ல வேண்டியது நீங்க."