நிறம் ஏறாத செல்கள்

"இந்தச் சாயம் செத்துப்போச்சு மேடம். சப்ளை பண்றவன் நம்மளை நல்லா ஏமாத்துறான்" என்று கொதித்தார் அற்புதராஜ்.

இருபது வருஷம் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் நோய்க்குறியியல் படிக்க வந்தவர் அவர். ஆசிரியை டாக்டர் தில்ஷாத் அவரைவிடப் பத்து வயது சின்னவர்.

மைக்ராஸ்கோப்பின் கீழே, சிவகாமவல்லி என்ற அம்மாளின் கர்ப்பப்பைக் கட்டியிலிருந்து சுரண்டி எடுத்த துளி சதை. அதற்கு பி-53 என்ற புரதம் இருக்கும் இடத்தைப் பழுப்பாகக் காட்டும் சாயம் ஏற்றியிருந்தார்கள். கட்டி முழுக்க அடர்ந்த பழுப்பு ஏறினால் அது பொல்லாத கட்டி என்று அற்புதராஜ் படித்திருந்தார். இங்கே கட்டியில் பழுப்பே இல்லை.

"சாயம் கெட்டிருக்கணும், இல்லாட்டி கட்டி சாது. ஒண்ணும் ஏறலைன்னு சர்ஜன்கிட்ட காலைலயே சொல்லிட்டேன். நெகட்டிவ்னு எழுதிடறேன். நாளைக்குக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"பொல்லாத கட்டியா இருந்தா?"

"வயித்துக்குள்ள எல்லா இடமும் பார்த்து எடுக்கணும், கீமோ கொடுக்கணும். விட்டா ஆளைக் கொன்னுடும். அதான் ஒண்ணுமே ஏறலையே மேடம்!"

தில்ஷாத் எழுந்தார்.

"வார்டு வரைக்கும் வாங்க சார்."

கட்டிலில் சிவகாமவல்லி. சுற்றிலும் கணவர், மகன், நாத்தனார்.

"எப்பலேருந்து ரத்தம் போகுதும்மா?" என்று கேட்டார் தில்ஷாத்.

"ரெண்டு மாசமாத்தான்" என்றார் கணவர்.

"வயசானா வர்றதுதானே" என்றாள் நாத்தனார்.

"அம்மாவுக்கு வலியெல்லாம் இல்ல டாக்டர்" என்றான் மகன்.

கட்டிலில் இருப்பவரைத் தவிர எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. நம் பெண்கள் வார்டுகளில் தினமும் நடக்கிற அநியாயம் இது.

"நீங்க சொல்லுங்கம்மா."

சிவகாமவல்லி போர்வையின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதான் சொல்றோமே, ஒண்ணும் இல்லைன்னு" என்றான் மகன்.

அற்புதராஜுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தம்பி ஒண்ணும் இல்லை? சுத்தி நிக்கிறவங்க ஆளுக்குக் கொஞ்சம் பேசுறீங்க. இவங்க மட்டும் ஒரு வார்த்தை பேசலை. அது ஒண்ணு போதாதா? நல்லா இருக்கிற மனுஷி இப்படியா உக்காந்திருப்பாங்க?"

வார்டே திரும்பிப் பார்த்தது.

தில்ஷாத் அற்புதராஜையே பார்த்தார்.

தான் சொன்னது அற்புதராஜுக்கே அப்போதுதான் உறைத்தது. மைக்ராஸ்கோப்பைத் தேடிப் படியேறி ஓடினார்.

கட்டியைச் சுற்றியிருந்த சாதாரண செல்களை அவர் இதுவரை கவனித்ததே இல்லை. இப்போது கவனித்தார். அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசான பழுப்பு. சாயம் நன்றாகத்தான் இருந்தது. கட்டிக்குள் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. நல்ல செல்லில் அந்தப் புரதம் கொஞ்சமாவது இருக்கும்; இப்படி அடியோடு வெளுத்துக் கிடந்தால், அதைச் செய்யும் மரபணுவே உடைந்துபோன பொல்லாத கட்டி.

அறுவை சிகிச்சை நிபுணருக்கு போன் போட்டார்.

"சார், சிவகாமவல்லி அம்மாவோட கட்டி பொல்லாதது. நாளைக்குக் கர்ப்பப்பையோட நிறுத்திடாதீங்க."

"என்னய்யா விளையாடறீங்களா? ஒண்ணுமே ஏறலைன்னு காலைல நீங்கதானே சொன்னீங்க! ஏறலைன்னா நல்லதுதானே?"

"வார்டு வரைக்கும் வாங்க சார்" என்றார் அற்புதராஜ்.