இரண்டு புள்ளி ஒன்று

“மீன் பொய் சொல்லுமா, மேடம்?” என்று கேட்டார் பெர்க்மான்ஸ்.

“எந்த மீன்?” என்றார் தில்லைநாயகி.

கோயம்புத்தூரில் ஒரு கட்டடத்தின் நாலாவது மாடி. சுவர் நிறையத் திரைகள். எங்கெங்கோ இருக்கும் சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து எண்கள் இணையம் வழியாக அங்கே வந்து சேரும். நிலையத்துக்கு ஒரு விளக்கு. பச்சை என்றால் நலம்.

கதைகளில் தாடி குருவுக்கு இருப்பதுதான் வழக்கம். இங்கே சீடருக்கு இருந்தது. பஞ்சாலை மூடிய பிறகு இந்த வேலைக்கு வந்தவர் பெர்க்மான்ஸ், இன்னும் பழகுநர்தான். அறையின் தலைமைப் பொறியாளர் தில்லைநாயகி, வயதில் அவருக்கு மகள் முறை. தாடிக்கு மரியாதை கொடுத்து ‘சார்’ என்று அழைப்பார்.

“ஆவாரங்காட்டுக் குளத்து மீன், மேடம். குத்தகைக்காரர் ஹனீபா கூப்பிட்டார். மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குதாம். அங்க இருக்கிற நம்ம நிலையத்துல இருந்து விடுற தண்ணிதான் காரணம், மதகை மூடுங்கன்னு கெஞ்சுறார்.”

“மூடுங்க.”

“மூடினா சாயங்காலத்துக்குள்ள கீழ்த்தெரு வீடுகள்ல சாக்கடை ஏறிடும்.”

“அப்ப மூடாதீங்க.”

“மூடலைன்னா மீன் போயிடும். அந்த மனுஷனுக்கு வேற பிழைப்பு இல்லை, மேடம்.”

“சரி” என்றார் குரு.

எதற்குச் சரி என்று சொல்லவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்தார். தயிர்சாதம்.

பெர்க்மான்ஸ் திரையைக் காட்டினார்.

“ஆனா இங்க எல்லாம் பச்சை. கழிவுநீர்த் தொட்டியில, தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்து இரண்டு புள்ளி ஒன்று. கிருமிங்க மூச்சுவிட்டு அழுக்கைத் தின்ன இது போதும்னு நீங்கதான் சொல்லிக்கொடுத்தீங்க. காலையிலிருந்து இம்மி அசையலை. இவ்வளவு ஒழுங்கான தொட்டியை நான் பார்த்ததில்லை.”

“நானும் பார்த்ததில்லை.”

“நான் திரையை மட்டும் நம்பலை, மேடம். நிலையத்துல இருக்கிற ஆபரேட்டர் ராக்கியப்பனைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவரும் இரண்டு புள்ளி ஒன்றுன்னார். வீட்ல இருந்த சூப்பர்வைசரைக் கேட்டேன். அவரும் அதே.”

நேரில் காண்பதையும் நம்பத் தகுந்தவர் சொல்வதையும் தர்க்க சாஸ்திரம் தனித்தனிப் பிரமாணங்களாக வைக்கிறது. பெர்க்மான்ஸிடம் இரண்டும் இருந்தன. இரண்டும் புள்ளிவரை ஒத்துப்போயின. எதிர்த்தரப்பில் சில கெண்டைகள் மட்டும்.

“அதான் குழப்பமா இருக்கு” என்றார். “யாரை நம்புறது?”

குரு வலது கையில் தயிர்சாதத்தோடு இடது கையால் மவுஸை இழுத்தார். பயனர் பட்டியலில் ராக்கியப்பன் பெயரைத் தேடினார். பக்கத்தில் இருந்த குறியை எடுத்துவிட்டார்.

“என்ன மேடம் பண்றீங்க? இனிமே அவர் செல்போன்ல ஒண்ணுமே தெரியாதே.”

குரு ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் பெர்க்மான்ஸின் போன் அடித்தது.

“சார், ராக்கியப்பன் பேசறனுங். செல்லுல ஒண்ணுமே வரமாட்டேங்குது.”

கேளுங்கள் என்று குரு சைகை காட்டினார். எதைக் கேட்பது என்று பெர்க்மான்ஸுக்குப் புரியவில்லை. தெரிந்ததைக் கேட்டார்.

“தொட்டியில இப்ப காத்து எவ்வளவு?”

“அதாங் சார், செல்லுல தெரியலீங்களே. நீங்க அங்க பாத்துச் சொல்லுங்க, நான் எழுதிக்கறேன்.”

பெர்க்மான்ஸ் திரையை நோக்கித் திரும்பினார். குரு அதற்குள் எட்டி அதன் சுவிட்சையும் அணைத்துவிட்டார்.

“இங்கயும் தெரியலை” என்றார் பெர்க்மான்ஸ்.



“அப்ப யாருக்குத்தானுங் தெரியும்?” என்றார் ராக்கியப்பன்.

நியாயமான கேள்வி. பெர்க்மான்ஸ் அதை அப்படியே குருவிடம் கேட்டார்.

“தொட்டி எங்க இருக்குன்னு கேளுங்க” என்றார் குரு.

“ராக்கியப்பன், தொட்டி எங்க இருக்கு?”

“என்னங் சார் நக்கலா? இங்கதான் இருக்குது.”

“இங்கன்னா?”

“வெளியில. நான் ஏசி ரூம்ல இருக்கறனுங். கதவைத் தொறந்தா நாத்தம் உள்ள வந்துரும்.”

“அப்ப முன்னாடி இரண்டு புள்ளி ஒன்றுன்னு எதைப் பார்த்துச் சொன்னீங்க?”

“செல்லப் பாத்துத்தானுங். உங்களுக்கு வர்றதுதான் எனக்கும் வரும்.”

பெர்க்மான்ஸ் தாடியைச் சொறிந்தார். சூப்பர்வைசர் வீட்டிலிருந்து எதைப் பார்த்துச் சொல்லியிருப்பார் என்று இனி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“போனை வைக்காம வெளியில போங்க” என்றார்.

கதவு திறக்கும் சத்தம். செருப்புச் சத்தம். இரும்புப் படிகள்.

பிறகு மைனா கத்துவது கேட்டது. ஒன்றல்ல, இரண்டு மூன்று. தெளிவாகக் கேட்டது.

காற்று ஊதும் இயந்திரங்கள் ஓடும் தொட்டியருகே, பக்கத்தில் நிற்பவரிடமே கத்தித்தான் பேச வேண்டும்.

“சார்…” ராக்கியப்பனின் குரல் இறங்கியிருந்தது. “தண்ணி அசையவே இல்லீங். கொப்புளம் ஒண்ணு கெடையாது. கரண்டு ட்ரிப்பாயிக் கெடக்குது. நம்பர் அனுப்பற பெட்டியும் செத்துருச்சு. கடைசியா அனுப்புனதத்தான் எல்லாரும் பாத்துட்டு இருந்திருக்கறோம்.”

“உங்க ரூம்ல ஏசி ஓடுதே?”

“அது வேற லைனுங்.”

பெர்க்மான்ஸ் குருவைப் பார்த்தார். குரு டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போய்விட்டார். முன்னால் இருண்ட திரை. அதில் தெரிந்தது ஒரு தாடி மட்டும்.

“ராக்கியப்பன், மதகுக்குக் கைச்சக்கரம் இருக்கா?”

“இருக்குதுங். தொட்டு ரொம்ப நாளாச்சு.”

“போய்ச் சுத்துங்க. மூடிட்டு வந்து கரண்டைப் பாருங்க. கீழ்த்தெருவுக்கு நான் சாக்கடை உறிஞ்சுற லாரிகளை அனுப்பச் சொல்றேன்.”

“சரிங் சார். எத்தனை சதவீதம் மூடட்டுங்?”

“சக்கரம் சுத்த மறுக்குற வரைக்கும்.”