பிடி இறுகாத அரிவாள்

மனிதரும் விலங்கும் ஒரே பேச்சைப் பேசி, ஒருவரையொருவர் முறை சொல்லி அழைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு புரட்டாசி மாதத்துப் பதினேழாம் நாள், பொழுது விடிந்து சரியாக ஆறு நாழிகை ஆகியிருந்தது. காற்று இல்லை. வானம் முழுவதும் சாம்பல் பூசியதுபோல் கிடந்தது. ஆனால் ஒரு துளியும் விழவில்லை. தட்டான்கள் முழங்கால் உயரத்துக்குமேல் எழவில்லை. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு பாறை இடுக்குகளில் ஏறிக்கொண்டிருந்தன.

ஏழுமடி மலையின் சரிவில் சடைச்சி என்பவளும் ஏறிக்கொண்டிருந்தாள். மூன்று நாட்களில் இது அவளுக்கு மூன்றாவது ஏற்றம். கீழே, நான்கு அடுக்காக வெட்டிய அவளுடைய கொல்லையில் சாமை முற்றி நின்றது. முற்றிய சாமைக்குப் பொறுமை கிடையாது. ஒரு குருவி உட்கார்ந்து எழுந்தாலே மணி உதிரும். ஒரு மழை பெய்தால் கதிர் மண்ணோடு படிந்து, படிந்த இடத்திலேயே முளைவிட்டுவிடும். முந்தின ஆண்டு காட்டுப்பன்றிகள் குதிர்வரை வந்து மேய்ந்துவிட்டுப் போனதால், அடுத்த விதைப்புக்கான விதையும் அவள் வீட்டில் இல்லை. அதுவும் அந்தக் கொல்லையில்தான் நின்றது. அவள் கணவன் தேனெடுக்க மேல்காட்டுக்குப் போயிருந்தான்; திரும்ப நான்கு நாளாகும். மழை நான்கு நாள் காத்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

கூட வந்தவள் அவளுடைய நாத்தனார் எல்லம்மை. மலையேறும்போதும் வாய் ஓயாத பெண்.

இருவரும் போய்க்கொண்டிருந்தது எய்யனுடைய குகைக்கு. இன்று நாம் முள்ளம்பன்றி என்று அழைக்கும் விலங்குக்கு அப்போது உடம்பில் ஒரு முள்கூட இல்லை. முயலுக்கு இருப்பதுபோன்ற மென்மயிர்தான் இருந்தது. எய்யன் என்பது அவன் பெயர். மலைமக்களின் அரிவாள், கொடுவாள், பட்டை உரிக்கும் கத்தி, தோல் கீறும் கத்தி எல்லாவற்றையும் காப்பது அவன் தொழில். அறுப்பு முடிந்ததும் எல்லோரும் தங்கள் இரும்பை அவனிடம் கொண்டுவந்து விடுவார்கள். அடுத்த அறுப்புக்கு முன்னால் வந்து எடுத்துப் போவார்கள். மழைக்காலத்து ஈரத்தில் வீட்டுக் கூரையில் செருகிய அரிவாள் துருப்பிடிக்கும். எய்யனுடைய குகையில் மட்டும் எந்த இரும்பும் துருப்பிடித்ததில்லை.

அவனுடைய கவனிப்பு அப்படிப்பட்டது. ஒவ்வொன்றையும் இலுப்பை எண்ணெய் தொட்ட மரவுரியால் துடைப்பான். இரண்டு அலகுகளை ஒன்றோடொன்று உரசவிட மாட்டான். சலித்த மணலைப் பலகையில் தூவி, முதலில் கரடான மணல், பிறகு மாவு போன்ற மணல் என்று மாற்றி மாற்றித் தீட்டுவான். ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது வாய்ப்புறம் தரையைப் பார்க்க, முன்னால் யாரும் நடக்காத பாதையில்தான் நடப்பான். நகத்தால் ஒருமுறை சுண்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே, இது இன்னார் வீட்டு அரிவாள் என்று சொல்லிவிடுவான்.

ஆனால் சில ஆண்டுகளாக அவனுக்கு ஒரு கோளாறு வந்திருந்தது. எடுத்துப்போனவர்கள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவரும் நிலையைப் பார்க்க அவனால் முடியவில்லை. கதிர் அறுக்கக் கொடுத்ததைக் கொண்டு கிழங்கு தோண்டினார்கள்; கல்லில் மோதி வாயை மடக்கினார்கள். நான்கு மாதம் தீட்டியதை நான்கு நாளில் கெடுத்தார்கள். அறுப்புக்காலம் நெருங்க நெருங்க அவனுக்கு இருப்புக் கொள்ளாமல் போயிற்று. குகைக்குள் இங்கும் அங்கும் நடப்பான். துடைத்ததையே மறுபடி துடைப்பான். திருப்பிக் கேட்டு வருகிறவர்களிடம் நாளை என்பான், மறுநாள் என்பான். சிலர் சலித்துப்போய், விறகு வெட்டும் மொண்ணைக் கத்தியோடு அறுப்பை முடித்துக்கொண்டார்கள்.

சடைச்சியின் அரிவாள் அவற்றில் எல்லாம் மேலானது. அவள் தாய்வழி வந்த பழைய இரும்பு. போன ஆண்டு அவளும் அதைக்கொண்டு வள்ளிக்கிழங்கு தோண்டினாள். அலகின் வாய் மூன்று இடத்தில் உடைந்தது. அந்த மூன்று குறையும் மறையும்வரை எய்யன் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் அதைத் தீட்டியிருந்தான். காற்றில் மிதந்து வரும் இலவம்பஞ்சு அதன்மேல் பட்டால் இரண்டாகப் பிரிந்து விழும்.

அன்று விடியற்காலையில் அவன் ஒரு காரியம் செய்தான். சடைச்சி இன்று கட்டாயம் வருவாள், இனிச் சொல்வதற்குச் சாக்கு இல்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அரிவாளின் காம்பு மரப்பிடிக்குள் அரக்கால் இறுக்கப்பட்டிருந்தது. அதில் ஒரு பழுதும் இல்லை. எய்யன் பிடியை நெருப்பில் காட்டி, அரக்கை இளக்கி, பிடியைக் கழற்றினான். பிறகு புது அரக்கை உருக்கி ஊற்றி மறுபடி செருகினான். அது இறுக ஒரு பகலும் ஓர் இரவும் வேண்டும். ஒரு பகலும் ஓர் இரவும் அவனுக்குக் கிடைக்கும்.

பெண்கள் இருவரும் குகை வாசலுக்கு வந்தபோது அரக்குச் சட்டி இன்னும் அடுப்பில்தான் இருந்தது.

சடைச்சி உட்காரவில்லை. மழை வரப்போகிறது என்றாள். கொல்லையின் நிலையைச் சொன்னாள். விதையும் அதில்தான் நிற்கிறது என்பதை இரண்டுமுறை சொன்னாள். எய்யன் தலையாட்டினான், வேறு எங்கோ பார்த்தான், மேலே மாட்டியிருந்த ஒரு கொடுவாளை எடுத்து, துடைத்திருந்ததைத் துடைத்தான்.

எல்லம்மை குகையைச் சுற்றிப் பார்த்தாள். "போன வருசம் இங்கே நாப்பது கத்தி இருந்துச்சு அண்ணி. இந்த வருசம் அறுபது. எய்யண்ணன் வீட்டுல இரும்பு குட்டி போடுது போல."

எய்யன் சடைச்சி பக்கம் திரும்பினான். வேறு அரிவாள் தருகிறேன் என்றான். எல்லம்மையிடம் ஏற்கெனவே ஒரு மொண்ணை அரிவாள் இருக்கிறது, பிறர் வீட்டு இரும்பை நாங்கள் எடுக்க மாட்டோம், எங்களுக்கு வேண்டியது எங்களுடையதுதான் என்று சடைச்சி சொன்னாள். மேற்கே, வெகு தூரத்தில், முதல் இடி உருண்டது. அவள் திரும்பி வானத்தைப் பார்த்தாள்.

"எய்யண்ணே, நான் உன் கால்ல விழணுமா? சொல்லு, விழறேன்."

அவனுக்கு வெட்கமாயிற்று. உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தான். பிடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. தன் கையால் இறுக்கிப் பிடித்திருந்தால்தான் அலகு நிற்கும். கொடுக்கும்போது பிடிப்புறத்தைத்தான் வாங்குகிறவர் பக்கம் நீட்ட வேண்டும் என்பது அவனே மலை முழுவதற்கும் சொல்லிக்கொடுத்த முறை. அன்று அவன் பிடியைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு அலகை அவள் பக்கம் நீட்டினான். கொடுப்பதற்காக நீட்டவில்லை, பழுதைக் காட்டுவதற்காக நீட்டினான்.

"பிடி" என்றான்.

பிடி இன்னும் இறுகவில்லை, நாளைக்கு வா என்று சொல்லத்தான் அவன் வாயெடுத்தான். ஆனால் அந்த மலையில் ஒருவர் ஒரு பொருளை நீட்டிப் பிடி என்றால் அதற்கு ஒரே பொருள்தான். மூன்று நாட்களாக அந்தச் சொல்லுக்காகத்தான் சடைச்சி ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். அவன் அடுத்த சொல்லைத் தொடங்குவதற்குள் அவள் வலது கை பாய்ந்து பிடித்துவிட்டது. பிடித்தது அலகை.

அப்போதும் அவன் விட்டிருந்தால் விரல் நுனியில் ஒரு கீறலோடு போயிருக்கும். எய்யன் விடவில்லை. அவனுடைய கை அவனைக் கேட்காமலே இன்னும் இறுகியது. அவள் இழுத்தாள், அவனும் இழுத்தான். இளகிய அரக்கிலிருந்து பிடி கழன்று அவன் கையோடு போயிற்று. அலகு அவள் உள்ளங்கை வழியாக உருவிக்கொண்டு தரையில் விழுந்தது.

இரண்டு மாதம் தீட்டிய வாய் அது. சடைச்சிக்கு முதலில் வலிக்கவே இல்லை. தன் கையைத் திருப்பிப் பார்த்து, நான்கு விரல்களிலும் ஒரே கோடாக இரத்தம் வருவதைக் கண்டுதான் உட்கார்ந்தாள். எல்லம்மை ஓடிவந்து தன் சேலை முந்தானையைக் கிழித்துச் சுற்றினாள்.

எய்யன் என்ன செய்தான் என்பதை எல்லம்மை பார்த்துவிட்டாள். இரத்தம் பட்ட இரும்பு ஒரு நாழிகைக்குள் கறுத்துவிடும். அவன் கை, பழக்கத்தால், எண்ணெய் தொட்ட மரவுரியைத் தேடிப் போயிருந்தது.

"துடைச்சுக்கோ" என்றாள் எல்லம்மை. அவள் கத்தவில்லை. "துரு ஏறிடப் போகுது."

பிறகு அவள் பச்சிலை தேடக்கூட நிற்காமல் சடைச்சியைத் தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

எய்யன் மரவுரியைக் கீழே வைத்தான். குகைக்குள் அறுபது இரும்பும் சுத்தமாக, வரிசையாக, எண்ணெய் மினுங்கத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட அவனால் பார்க்க முடியவில்லை. இரண்டாவது இடி முன்னதைவிட அருகில் கேட்டது. ஒரே ஒரு கை, அதுவும் ஒரு மொண்ணை அரிவாளோடு, நான்கு அடுக்கை மழைக்குமுன் அறுத்துவிட முடியாது என்பதைக் கணக்குப் போட அவனுக்கு வெகுநேரம் ஆகவில்லை.

அவனுடைய கை குட்டையானது; அரிவாளைப் பிடித்துத் தீட்டலாம், வீசி அறுக்க முடியாது. நெடுநேரம் யோசிக்க அவனுக்குப் பொழுதும் இல்லை; கையால் முடியாததை முதுகால் செய்வது என்று முடிவு செய்தான். ஒவ்வொன்றாக எல்லாவற்றின் பிடியையும் நெருப்பில் காட்டிக் கழற்றினான். பிடி இழந்த அலகுகளை, காம்பு மேலே இருக்கும்படி அடுப்போரத்துச் சாம்பல் மேட்டில் நெருக்கமாக நட்டான். சட்டியில் இருந்த அரக்கைப் பாறைச் சுவரில் கொட்டி, அது ஆறுவதற்குமுன் தன் முதுகை அதில் தேய்த்தான். மயிர் கருகியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்து, சாம்பல் மேட்டின்மேல் மல்லாந்து புரண்டான். காம்புகள் அரக்கில் புதைந்தன. எழுந்து நின்றபோது, அதுவரை உரசவே விடாத இரும்பெல்லாம் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன.

கொல்லையில் எல்லம்மை முதல் அடுக்கில் பாதியை முடித்திருந்தாள். சடைச்சி வரப்பில் உட்கார்ந்து, இடக்கையால் கதிர்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். சரிவில் சத்தம் கேட்டு இருவரும் நிமிர்ந்தார்கள்.

"இதென்ன, கொல்லன் உலைக்குக் கால் முளைச்சு வருது" என்றாள் எல்லம்மை.

அவன் முன்னால் போய்ப் பார்த்தான். அலகுகள் எல்லாம் பின்பக்கம் சாய்ந்திருந்ததால் சாமைத் தாள்கள் அறுபடாமல் வழுக்கிக்கொண்டன. ஆகவே திரும்பி, பின்பக்கமாக ஓடினான். சாமை சரசரவென்று சாய்ந்தது. பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஓடியதில் இரண்டுமுறை வரப்பில் மோதினான், ஒருமுறை எல்லம்மை துள்ளி விலக வேண்டியிருந்தது. அவள் திட்டிக்கொண்டே அவன் சாய்த்ததைக் கட்டினாள். பேசுவதற்கு வேறு எவருக்கும் நேரம் இல்லை.

இருபத்து நான்காம் நாழிகையில் மழை வந்தது. அதற்குள் மூன்று அடுக்குக் கதிர் பரண்மேல் ஏறியிருந்தது. விதைக்கு விதை, சாப்பாட்டுக்கும் ஒருவாறு போதும். நான்காம் அடுக்கு அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மண்ணோடு படிந்தது.

மழையில் நின்றுகொண்டே எய்யன் பேசினான். பிடி சரியாகத்தான் இருந்தது, காலையில் நானே வேண்டுமென்று கழற்றினேன் என்றான். அதை அவன் சொல்லாமலே இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

சடைச்சி கட்டுப்போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"கழட்டினதுகூடப் போகட்டும்" என்றாள். "நான் பிடிச்சப்புறமாவது நீ விட்டிருக்கலாம்."

குளிர்ந்த மழை அவன் முதுகில் விழுந்து ஓடியது. அரக்கு இறுகிக் கல்லாயிற்று. ஈரம் ஏறிய இரும்பு அரக்குப் பட்ட இடத்தில் கறுத்தும், தீட்டிய இடத்தில் வெளுத்தும், முள்போல் மெலிந்தும் போயிற்று.

மறுநாள் காலை வானம் தெளிந்திருந்தது. எய்யன் குகையில் படுக்கப் பார்த்தான். மல்லாந்தும் முடியவில்லை, சாய்ந்தும் முடியவில்லை. கொஞ்சம் அசைந்தால் முதுகு கலகலத்தது. கண்ணை மூடிக் கேட்டான். எது யார் வீட்டு இரும்பு என்று அவனுக்கு இப்போது தெரியவில்லை. எழுந்து, ஆள் நடமாட்டமில்லாத பாதையில் ஒவ்வொரு கொல்லையாகப் போனான். ஒவ்வொன்றின் ஓரத்திலும் முதுகை உதறி, விழுந்த ஒன்றை அங்கேயே விட்டு, திரும்பிப் பார்க்காமல் நகர்ந்தான். இன்றும் கொல்லையோரங்களில் கறுப்பும் வெளுப்புமாக அந்த முட்களைக் காணலாம். ஒன்று உதிர்ந்தால் இன்னொன்று முளைப்பதால், கொடுத்து முடிக்க முடியாமல் அவன் நடந்துகொண்டிருக்கிறான்.

எல்லம்மை விடிந்ததும் படிந்த நான்காம் அடுக்கில் உருவ முடிந்ததை உருவிக்கொண்டு வந்தாள். பரணில் கதிர்க்கட்டு ஈரம் கண்டிருந்தது. கயிற்றை அறுத்துப் பரப்பிக் காயவைக்க வேண்டும். சடைச்சி எழுந்து வந்து, இடக்கையை நீட்டி, எல்லம்மையிடம் அந்த மொண்ணை அரிவாளைக் கேட்டாள். அவள் வலக்கையில் இரண்டு விரல்கள் அதன்பிறகு மடங்கவே இல்லை.

எல்லம்மை அரிவாளை நீட்டினாள். நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினாள். பிறகு குனிந்து அதைத் தரையில் வைத்து, கையை எடுத்துக்கொண்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றாள். சடைச்சி அவளைப் பார்த்துவிட்டு, குனிந்து எடுத்தாள்.

அந்தக் காலையிலிருந்துதான் நம்மவர்கள் கத்தியையோ அரிவாளையோ கைக்குக் கை கொடுப்பதில்லை. கொடுப்பவர் கீழே வைத்துக் கையை விலக்கிக்கொண்ட பிறகே வேண்டியவர் எடுத்துக்கொள்கிறார்.