ஏழு சங்கும் ஏழு கதவும்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், கடல் இப்போது கிடப்பதைவிட ஒரு காதம் தள்ளிக் கிடந்த நாளில், ஆழிமங்கலம் என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டுச் சந்தையில் செங்கமலம் உப்பு விற்றாள். பத்து வயதில் தலைச்சுமையாகத் தொடங்கி, ஏமாந்து, அடிபட்டு, முப்பது வயதில் சொந்த வண்டி கட்டியவள். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில், பேரம் நாக்கு நுனியில்.

வண்டி ஓட்டுகிறவன் அவள் புருஷன் வீரணன். "உப்போ... உப்பு" என்று அவன் இழுத்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும்.

ஒரு நாள் வக்கிரசேனன் என்ற மந்திரவாதி அந்த வழியாக வந்தான். சந்தை இரைச்சல் அவனுக்குப் பொறுக்கவில்லையாம். கையை வீசினான். வீரணனோடு சேர்த்து ஏழு பேருடைய குரல் ஏழு சங்குக்குள் போய் அடைந்தது. ஏழு பேரும் ஊமையானார்கள்.

"குரல் வேண்டுமென்றால் மலைக் குகைக்கு வாருங்கள்," என்றான் மந்திரவாதி. "ஏழு மாடம், ஏழு கல்கதவு, கதவுக்குப் பின்னால் ஒவ்வொரு சங்கு. சங்கின் மேல் எத்தனை வரி, எத்தனை புள்ளி என்று அடையாளம் நான் சொல்வேன். ஒரு வைக்கோல் எரிந்து முடிவதற்குள் எடுத்துத் தர வேண்டும். மூன்று முறை ஜெயித்தால் எல்லாக் குரலும் உங்களுக்கு. தவறினால் நீங்கள் கல். தப்பான சங்கைக் கொடுத்தால் அந்தக் குரல் என்றைக்கும் எனக்கு."

முதலில் படைத்தலைவர் போனார். முதல் கதவிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். இரண்டாவது கதவில் வைக்கோல் அணைந்தது. கல்லானார்.

அடுத்து அரண்மனைப் புலவர் போனார். வரிகள் கூடிக்கொண்டே போகும் வரிசையில் சங்குகளை அடுக்கச் சொன்னார். நடுக்கதவைத் திறந்து, தேடுவது அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று பார்த்தார். அடுத்த கதவுக்கு ஓடுவதற்குள் வைக்கோல் அணைந்தது. அவரும் கல்லானார்.

மூன்றாவதாகச் செங்கமலம் போய் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒரு வைக்கோலுக்கு ஒரு கதவுதான் திறக்க முடியும். தெரிந்துதானே வைத்திருக்கிறீர்?"

"தெரிந்துதான்."

"சங்குகளை நானே அடுக்குவேன். பொழுது சாயும்வரை நேரம் வேண்டும்."

"உச்சிவரை தருகிறேன்."

"இரண்டு பேரைக் கல்லாக்கினீர். என்னையும் விரட்டினால் இனி ஒரு ஈ கூட இங்கே எட்டிப் பார்க்காது. தனியாக உட்கார்ந்து வைக்கோலைக் கொளுத்திக்கொண்டிரும்."

மந்திரவாதி பல்லைக் கடித்தான். "சரி, சாயும்வரை. ஆனால் கதவை மூடியதும், எந்தச் சங்கு எப்படி இருந்தது, எங்கே வைத்தாய் என்பதெல்லாம் உனக்கு மறந்துபோகும்."

"போகட்டும்."

செங்கமலம் மணலில் ஏழு குழி தோண்டினாள். அவள் வண்டிக்கு ஏழு மூட்டைதான் கணக்கு. ஏழேழாகத் தள்ளி, மிச்சத்தைத்தான் அவள் எப்போதும் எண்ணுவாள். அதேபோல ஒரு சங்கின் வரிகளை எண்ணினாள். பத்து. ஏழு போனால் மிச்சம் மூன்று, மூன்றாம் குழி. மிச்சமே இல்லையென்றால் ஏழாம் குழி. அடுத்த சங்கில் பதினேழு வரி. அதுவும் மூன்றாம் குழி. ஒரே குழியில் இரண்டு சங்கு மோதிக்கொண்டன.

"நாசமாய்ப் போக," என்று கலைத்தாள்.

வரியோடு புள்ளியையும் கூட்டிப் பார்த்தாள். பத்து வரிச் சங்குக்கு நாலு புள்ளி, பதினாலு. பன்னிரண்டு வரிச் சங்குக்கு இரண்டு புள்ளி, அதுவும் பதினாலு. இரண்டும் ஏழாம் குழியில் போய் இடித்தன. மணலை எட்டி உதைத்தாள்.

மூன்றாவது முறை புள்ளியை இரட்டித்துக் கூட்டினாள். நாலாம் குழி, ஆறாம் குழி, இரண்டாம் குழி என்று குழிக்கு ஒன்றாகப் போய் உட்கார்ந்தன ஏழும். மோதலும் இல்லை, காலிக் குழியும் இல்லை. அதே கணக்கில் மாடங்களை நிரப்பி மூடினாள். சங்குகள் மறந்துபோயின. கணக்கு மறக்கவில்லை.

வைக்கோல் எரிந்தது. "பதினேழு வரி, ஐந்து புள்ளி!"

பதினேழும் பத்தும் இருபத்தேழு, மிச்சம் ஆறு. நேரே ஆறாம் கதவுக்குப் போனாள். எடுத்துக் கொடுத்தாள்.

"பன்னிரண்டு வரி, இரண்டு புள்ளி!"

மிச்சம் இரண்டு. இரண்டாம் கதவு. எடுத்துக் கொடுத்தாள்.

மந்திரவாதியின் முகம் கறுத்தது. மூன்றாவது வைக்கோலைக் கொளுத்தினான். "பதின்மூன்று வரி, ஆறு புள்ளி."

இருபத்தைந்து, மிச்சம் நாலு. நாலாம் கதவைத் திறந்து சங்கை எடுத்தாள். உள்ளேயிருந்து "உப்போ..." என்று மெல்லக் கேட்டது. வீரணன் குரல்.

"கொடு," என்று மந்திரவாதி கையை நீட்டினான். "வைக்கோல் முடியப் போகிறது."

செங்கமலம் விரலால் தடவி எண்ணினாள். பத்து வரி. நாலு புள்ளி.

"இது நீர் கேட்ட சங்கு இல்லை."

"அப்படியானால் வேறு கதவில் இருக்கும். ஓடித் தேடு."

"தேட மாட்டேன். நீர் கேட்டது இருந்தால் இந்தக் கதவுக்குப் பின்னால்தான் இருக்கும். இங்கே இல்லையென்றால் எங்கேயுமே இல்லை. இல்லாத சரக்கைக் கேட்டு என் புருஷன் குரலை அமுக்கப் பார்க்கிறீரா?"

"இன்னும் ஆறு கதவு இருக்கிறதே. எப்படித் துணிந்து சொல்கிறாய்?"

"அடுக்கியது நான்."

வைக்கோல் அணைந்தது. அவள் கல்லாகவில்லை; இல்லாததை இல்லை என்று சொன்னதே மூன்றாவது ஜெயம். ஏழு சங்கும் படபடவென்று வெடித்தன. குரல்கள் குகையை விட்டுப் பறந்தன. படைத்தலைவர் மூக்கைச் சொறிந்துகொண்டு எழுந்தார், புலவர் கொட்டாவி விட்டார். மந்திரவாதி மந்திரம் சொல்ல வாயைத் திறந்தான். சத்தமே வரவில்லை.

மலையடியில் வீரணன் காத்திருந்தான். "ஏன் கமலம், மந்திரவாதியிடமுமா பேரம் பேசினாய்?"

"பின்னே, சொன்ன விலைக்கா வாங்குவார்கள்?"

ராஜா அவளைக் களஞ்சியத் தலைவியாக்கினார். ஆயிரம் கதவுள்ள அந்தக் களஞ்சியத்தில் யார் என்ன கேட்டாலும் அவள் ஒரே கதவைத்தான் திறப்பாள். இருந்தால் கையில் வரும். இல்லையென்றால் இல்லை என்று உடனே சொல்லி அனுப்புவாள். அந்த நாட்டில் அதற்கப்புறம் எவரும் வரிசையில் காத்து நிற்கவில்லை. அவர்கள் அங்கே நிறைவாய் வாழ்ந்தார்கள், கேட்ட நீங்களும் இங்கே நிறைவாய் வாழுங்கள்.